இலை உதிராத இலையுதிர்காலம்

ஐரோப்பிய நாடுகளின் பருவங்களைத் தமிழில் எழுத நேரும்போது, கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இடைப்பட்ட மாதங்களைக் குறிக்க 'இலையுதிர்காலம்' என்ற சொல்லே கைகொடுக்கிறது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் எனத் தமிழ் மரபு வகுத்த ஆறு பெரும்பொழுதுகளில் எதுவும் அந்த மாதங்களோடு முழுதாகப் பொருந்துவதில்லை என்பதால், மரங்கள் செய்வதைக் கொண்டு பருவத்துக்குப் பெயரிட்ட இச்சொல் நிலைத்துவிட்டது. ஆனால் ஸ்காட்லாந்தின் பெருநிலத்துக்கு வடகிழக்கே, அட்லாண்டிக் பெருங்கடலும் வடகடலும் கலக்கும் இடத்தில் சிதறிக் கிடக்கும் ஷெட்லாந்து தீவுகளில் இச்சொல் தடுமாறுகிறது. உப்புக் காற்றும் ஆட்டு வாயும் சேர்ந்து மரம் என்று சொல்லத்தக்க எதையும் எளிதில் வளரவிடாத அந்நிலத்தில், கெர்கோர்டு பள்ளத்தாக்கில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நட்டு வளர்த்த சிறு தோப்பையும், வீட்டுச் சுவர்களின் மறைவில் ஒதுங்கி நிற்கும் சில மரங்களையும் தவிர, உதிர்ப்பதற்கு இலை வைத்திருப்பவை மிகக் குறைவு. அத்தீவினரின் பேச்சுவழக்கில் இப்பருவத்தின் பெயர் 'ஹேர்ஸ்ட்', அதாவது அறுவடை. மரம் இழப்பதைக் கொண்டல்லாமல் மனிதர் வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்ப்பதைக் கொண்டு பெயரிடப்பட்ட பருவம் அது. தோட்டமும் கம்பளியும் பேரக்குழந்தைகளும் ஒரே வீட்டின் ஒரே மாலையில் கூடிவருவதைப் புரிந்துகொள்ள இப்பெயரே பொருத்தமான வாயில்.

பருவம் மாறுவதை அங்கே முதலில் சொல்வது வெளிச்சம். அறுபதாவது வட அகலக்கோட்டை ஒட்டி அமைந்திருப்பதால், தலைநகரான லெர்விக்கில் ஜூன் மாதத்தின் நீண்ட பகல் 19 மணி நேரத்துக்குச் சற்றே குறைவானது. சூரியன் மறைந்த பின்னும் வானம் முழுதாக இருளாமல் மங்கிய ஒளியில் விடியும்வரை நிற்கும் அந்த இரவுகளுக்குச் 'சிம்மர் டிம்' என்று பெயர். டிசம்பரில் அதே ஊரின் பகல் ஆறு மணி நேரத்தைக்கூட எட்டுவதில்லை. பதின்மூன்று மணி நேரத்துக்கும் மேற்பட்ட இந்த வித்தியாசம் ஆறு மாதங்களுக்குள் கரைந்தாக வேண்டும் என்பதால், செப்டம்பர் இறுதியில் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட ஏறத்தாழ ஐந்தரை நிமிடம் குறைகிறது. ஒரு வாரத்தில் அரை மணி நேரத்துக்கும் மேலான பகல் கைவிட்டுப் போகிறது. சென்னையில் அதே நாட்களில் இக்குறைவு நாளொன்றுக்கு ஒரு நிமிடத்தைக்கூடத் தொடாது என்பதை ஒப்பிட்டால்தான், அத்தீவுகளில் பருவம் மாறுவது கண்முன்னே நிகழும் நிகழ்ச்சி என்பது விளங்கும். தோட்ட வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு உள்ளே வர வேண்டிய நேரம் நாளுக்கு நாள் முன்னேறி வர, அடுப்படிக்கருகே கைவேலையோடு அமரும் நேரம் அதே அளவில் நீள்கிறது. கோடை முழுவதும் வெளியில் செலவான உழைப்பு இவ்வாறு வீட்டுக்குள் இடம்பெயர்வதுதான் ஹேர்ஸ்டின் உள்ளடக்கம்.

தோட்டம் என்ற சொல்லுக்கு அங்கே உள்ள பொருளும் தனியானது. நூற்றுக்கும் மேற்பட்ட தீவுகளில் சுமார் பதினாறில் மட்டும், ஏறத்தாழ 23,000 பேர் வாழும் இந்நிலப்பகுதியில், வேளாண்மையின் அடிப்படை அலகு 'கிராஃப்ட்' எனப்படும் சிறு பண்ணை. ஒரு குடும்பம் முழுதும் அதை மட்டுமே நம்பி வாழ முடியாத அளவு சிறியது அது என்பதால், ஆண்கள் மீன்பிடிக்கவும் திமிங்கில வேட்டைக்கும் கப்பற்படைக்கும் சென்றுவிட, நிலமும் ஆடும் கம்பளியும் பெண்களின் பொறுப்பாகவே பல தலைமுறைகள் இருந்துவந்தன. வளைகுடா நீரோட்டத்தின் தயவால் கடும் உறைபனி அங்கே அரிது. தாவரத்தைக் கொல்வது கடல்நீர்த் திவலையைச் சுமந்து வரும் புயற்காற்று. ஆகஸ்டின் வெப்பமான பகல்கூடச் சராசரியாகப் பதினைந்து பாகை செல்சியஸை ஒட்டியே நிற்பதால், காற்றில் ஒருமுறை கருகிய செடிக்கு மீண்டெழ வெயில் போதாது.

இக்காற்றுக்கு அத்தீவினர் கண்ட விடை 'பிளாண்டிகிரப்'. சாந்து இல்லாமல் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேய்ச்சல் குன்றின் சரிவில் எழுப்பப்படும் சிறு வளையச் சுவர் அது, கதவு கிடையாது, சில அடி விட்டமுள்ள அதன் உட்பரப்பில் முட்டைக்கோஸ் குடும்பத்தைச் சேர்ந்த, காற்றுக்குத் தாக்குப்பிடிக்கும் 'கேல்' என்னும் கீரைவகையின் விதையைக் கோடையின் பிற்பகுதியில் தூவுவார்கள். சுவர் காற்றை உடைக்கிறது, ஆட்டைத் தடுக்கிறது, பகலில் கல் வாங்கிக்கொண்ட சிறிதளவு வெப்பத்தை உள்ளே திருப்பித் தருகிறது. குளிர்காலம் முழுவதும் அவ்வளையத்துக்குள் நாற்றாகவே நின்ற கேல், அடுத்த வசந்தத்தில் பிடுங்கப்பட்டு வீட்டையொட்டிய கொல்லையில் நடப்படும். நாற்றங்காலில் விட்டு, பின் வயலில் நடும் முறை தமிழ் உழவர்க்குப் புதிதன்று. ஆனால் நாற்று நாற்றங்காலிலேயே ஒரு குளிர்காலத்தைக் கழிக்க வேண்டியிருப்பதும், அந்நாற்றங்கால் வீட்டிலிருந்து விலகி மலைச்சரிவில் இருப்பதும் அங்குள்ள காலநிலை விதித்தவை. ஷெட்லாந்து கேல் ஸ்காட்லாந்தின் பழைமையான உள்ளூர்க் காய்கறி வகைகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. கடையில் வாங்கிய விதையால் அல்லாமல், ஒவ்வொரு குடும்பமும் தன் கொல்லையில் சில செடிகளைப் பூக்கவிட்டு எடுத்துவைத்த விதையால்தான் அது இவ்வளவு காலம் தப்பிப் பிழைத்திருக்கிறது.

பழைய வளையங்கள் பல இன்று சரிந்து கிடக்கின்றன. அவற்றின் பெயரை நினைவில் வைத்து, முதன்மைத் தீவின் வடமேற்கிலுள்ள நார்த்மேவின் பகுதியினர் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் 'பாலிகிரப்' என்ற வளர்ப்புக்கூடத்தை உருவாக்கினர். சால்மன் மீன் பண்ணைகளில் பயன்பட்டுக் கழிந்த தடித்த பிளாஸ்டிக் குழாய்களை வளைத்து எலும்புக்கூடாக்கி, அதன்மேல் கண்ணாடிக்குப் பதில் பாலிகார்பனேட் தகடு போர்த்திய அமைப்பு அது. சாதாரணக் கண்ணாடிக் கூடம் முதல் புயலிலேயே வயல்களில் சிதறிப்போகும் ஓர் ஊரில், தக்காளியும் ஸ்ட்ராபெரியும் பழுக்கும் ஒரு மூலை கிடைத்தது முதியவர்களின் அன்றாடத்தில் சிறிய மாற்றமன்று. செப்டம்பரில் வெளியே காற்று ஊளையிடும்போது உள்ளே ஒரு முக்காலியைப் போட்டுக் கடைசித் தக்காளிகளைப் பறிக்கும் பாட்டிக்கும், பறித்ததை உடனே வாயில் போட்டுக்கொள்ளும் பேரனுக்கும் கோடை இரண்டு வாரம் நீட்டித்துத் தரப்படுகிறது. உருளைக்கிழங்கின் கதை இன்னும் நேரானது. ஸ்காட்லாந்தில் அக்டோபர் மாதப் பள்ளி விடுமுறைக்கு 'டாட்டி விடுமுறை' என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. டாட்டி என்றால் உருளைக்கிழங்கு. அறுவடைக்குக் குழந்தைகளின் கை தேவைப்பட்ட காலத்தில் பள்ளிகள் அதற்கென்றே மூடப்பட்டன. இன்று பெரிய பண்ணைகளில் இயந்திரம் அவ்வேலையைச் செய்துவிட, விடுமுறை மட்டும் எஞ்சியிருக்கிறது. கொல்லையில் பாட்டி மண்வாரியால் கிளறிவிட, கருந்தோலும் வெட்டினால் உள்ளே ஊதா வளையமும் கொண்ட 'ஷெட்லாந்து பிளாக்' கிழங்குகளைப் பேரக்குழந்தைகள் பொறுக்கி வாளியில் இடுவது, அப்பெயரின் பழைய பொருளுக்கு அவர்கள் அறியாமலே செலுத்தும் கடன்.

கம்பளிக்கு வருவோம். ஷெட்லாந்து ஆடு உருவில் சிறியது. வெளியே முரடான மயிரும் அதனடியில் மிக நுண்ணிய கம்பளியும் கொண்டது. வெள்ளை மட்டுமல்லாமல் சாம்பலின் பல நிறங்கள், கருமை, செம்பழுப்பு எனப் பிறவியிலேயே பல வண்ணம் உடையது. செம்பழுப்புக்கு 'மூரிட்', உறைபனி படிந்தது போன்ற கருஞ்சாம்பலுக்கு 'ஷேலா' என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் இருப்பது, சாயம் தேவைப்படாத ஒரு வண்ணத்தட்டு ஆட்டுத் தொழுவத்திலேயே இருந்ததைக் காட்டுகிறது. கோடைத் தொடக்கத்தில் இவ்வாட்டின் பழைய உரோமம் தோலிலிருந்து தானே தளர்வதால், கத்தரியைத் தொடாமல் கையாலேயே உருவி எடுக்கும் வழக்கம் இருந்தது. இதற்கு 'ரூ' செய்தல் என்று பெயர். கத்தரிக்கப்பட்ட இழையின் முனை வெட்டுண்டு குத்தும், உருவப்பட்ட இழையின் முனை இயல்பாகவே கூம்பி மென்மையாக இருக்கும் என்பது இதன் பயன். ஒரே ஆட்டின் மேனியிலும் கம்பளி ஒன்றுபோல் இராது. கழுத்துப் பகுதியினுடையது மிக நுண்மையானது என்பதால் அது சல்லடைப் பின்னல் சால்வைக்கும், மற்றவை காலுறைக்கும் போர்வைக்கும் எனப் பிரிக்கப்படும்.

தக்கிளியையும் ராட்டையையும் அறிந்த தமிழ் வாசகருக்கு நூற்பின் அடிப்படையை விளக்கத் தேவையில்லை. பஞ்சின் இடத்தில் கம்பளியை வைத்துக்கொண்டால் போதும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பருத்தி இழை குட்டையானது, ஆகவே அது இறுக்கமான முறுக்கைக் கேட்கிறது. கம்பளி இழை நீண்டதாகவும் சுருளுடையதாகவும் செதில் போன்ற மேற்பரப்பு உடையதாகவும் இருப்பதால், ஒன்றையொன்று பற்றிக்கொண்டு தளர்ந்த முறுக்கிலும் அறாமல் நிற்கிறது, அத்தளர்ச்சிக்குள் காற்றைப் பிடித்துவைத்துக் குளிரைத் தடுக்கிறது. மக்கள் வாழும் வடகோடித் தீவான அன்ஸ்டின் பெண்கள் இவ்விழையைத் தலைமுடி அளவுக்கு மெல்லியதாக நூற்றுப் பின்னிய சதுரச் சால்வைகள் ஒரு திருமண மோதிரத்தின் வழியே முழுவதும் இழுத்தெடுக்கத் தக்கவை என்று புகழ்பெற்றன. ஹரால்ட்ஸ்விக்கிலுள்ள அன்ஸ்ட் மரபுக் காட்சிக்கூடத்தில் அவற்றைக் காணலாம். அத்தகைய நூலை இன்று கையால் நூற்பவர் சிலரே. பெரும்பாலோர் பின்னுவது ஆலை நூலால்தான். முதன்மைத் தீவின் மேற்கு ஓரத்துச் சாண்ட்னெஸ் ஊரில் ஓர் ஆலை அங்கேயே கம்பளியை நூற்கிறது. 2011ஆம் ஆண்டில் இத்தீவுகளின் கம்பளிக்கு ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்புக் கிடைத்தது. எனவே முதுமையில் ஒருவர் ராட்டையின் முன் அமர்கிறார் என்றால் நூல் கிடைக்காததால் அமரவில்லை. மிதிபலகையின் தாளத்தில் கால் அசைய, விரல்களுக்கிடையே இழை நீண்டு செல்வதில் உள்ள அமைதிக்காகவே அமர்கிறார். அக்டோபரின் நீண்ட மாலை அதற்கு இடம் தருகிறது.

பின்னல் என்ற சொல் தமிழகத்தில் சடைக்கும் கூடைக்கும் திருப்பூர் உள்ளாடைக்கும் பொதுவாகிவிட்டதால் ஒரு விளக்கம் இங்கே வேண்டியிருக்கிறது. நெசவில் பாவு, ஊடை என இரு திசை நூல்கள் ஒன்றையொன்று குறுக்கே கடந்து துணியாகின்றன. பின்னலில் ஒரே நூல் கண்ணியாக வளைந்து, அக்கண்ணிக்குள் அடுத்த கண்ணி நுழைந்து, வரிசை வரிசையாக மேலேறுகிறது. திருப்பூரின் வட்ட இயந்திரம் நொடியில் ஆயிரக்கணக்கில் செய்யும் அதே கண்ணியைத்தான் ஷெட்லாந்துப் பாட்டியின் கை ஒவ்வொன்றாகச் செய்கிறது. பின்னலாடை இழுத்தால் நெகிழ்ந்து விட்டால் சுருங்குவதற்கும், ஒரு நூல் அறுந்தால் ஓட்டை ஓடிக்கொண்டே போவதற்கும் இக்கண்ணி அமைப்பே காரணம். அத்தீவினர் இவ்வேலையை 'மேக்கின்' என்கிறார்கள், அதாவது செய்தல்; எதைச் செய்தல் என்று சேர்த்துச் சொல்ல வேண்டிய அவசியம் அங்கே நேர்ந்ததில்லை போலும். ஊசிகளுக்கு 'வயர்', அதாவது கம்பி என்று பெயர். இடுப்பில் கட்டும் தோல் பட்டை ஒன்றில் குதிரைமயிர் அடைத்த சிறு திண்டு இருக்கும். அதிலுள்ள துளைகளில் ஒன்றில் வலக்கைக் கம்பியின் மறுமுனையைச் செருகிவிட்டால், கம்பியின் பாரத்தை உடல் தாங்கிக்கொள்ள, விரல்கள் நூலை எறிவதற்கு மட்டும் விடுபடுகின்றன.

இப்பட்டை எதற்காக உருவானது என்ற கேள்வியில்தான் இக்கலையின் மறுபக்கம் தொடங்குகிறது. நடந்துகொண்டே பின்னுவதற்கு அது உதவியது. அடுப்பெரிக்கச் சதுப்பு நிலத்திலிருந்து வெட்டியெடுத்துக் காயவைக்கும் 'பீட்' என்னும் மட்கிய மண்கட்டிகளை, வைக்கோலால் முடைந்த 'கிஷி' என்ற கூடையில் முதுகில் சுமந்து மைல் கணக்கில் நடந்த பெண்கள், அந்நடையிலும் கையிலிருந்த காலுறையைப் பின்னிக்கொண்டே சென்றதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகைப்படங்கள் காட்டுகின்றன. அப்படங்களைப் பார்த்து உழைப்பின் அழகை வியப்பவர்கள் உண்டு. சுமையோடு நடக்கும் நேரத்தைக்கூட வீணாக்க முடியாத வறுமை அது என்று படிப்பதே நேர்மையான வாசிப்பு.

இவ்வறுமைக்கு ஓர் அமைப்பு இருந்தது. 1872இல் வில்லியம் கத்ரி என்னும் ஆணையர் பிரித்தானிய நாடாளுமன்றத்துக்காக ஷெட்லாந்தில் விசாரணை நடத்தி அளித்த அறிக்கை, 'டிரக்' எனப்பட்ட பண்டக் கூலிமுறையைப் பற்றியது. உழைப்புக்குக் காசு தராமல், முதலாளியின் கடையிலிருந்தே தேயிலையும் துணியும் தந்து கணக்கை நேர்செய்யும் முறை அது. பின்னல்காரப் பெண் தன் சால்வையைக் கொண்டுவந்து கொடுத்தால் வணிகர் அதற்கு ஈடாகத் தம் கடைச் சரக்கைத் தருவார், அல்லது பிறகு வந்து சரக்கு வாங்கிக்கொள்ள ஒரு சீட்டு எழுதித் தருவார். மாவோ வாடகைப் பணமோ தேவைப்பட்ட பெண், கிடைத்த தேயிலையை அண்டைவீடுகளில் குறைந்த விலைக்குக் கொடுத்துத்தான் அதைப் பெற வேண்டியிருந்தது என்ற வாக்குமூலங்கள் அவ்விசாரணையில் பதிவாகியுள்ளன. லெர்விக்கில் பிறந்து, பி அண்ட் ஓ கப்பல் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான ஆர்தர் ஆண்டர்சன், விக்டோரியா அரசிக்கு ஷெட்லாந்துக் காலுறைகளைப் பரிசளித்து அக்கைவேலைக்கு நாகரிக உலகில் ஒரு சந்தையைத் திறந்துவிட்டார் என்பது அடிக்கடி சொல்லப்படும் செய்தி. அவருடைய நிறுவனத்தின் நீராவிக் கப்பல்கள் 1840களிலிருந்து காலித் துறைமுகத்திலும் சென்னையிலும் நின்று கல்கத்தா சென்றவை என்பது தமிழ் வாசகருக்கு ஓர் உபரித் தகவல். அரசியின் காலில் ஏறிய நுட்பம், அதைச் செய்தவளின் கைக்குக் காசாகத் திரும்பவில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும்.

ஆகவே கோடை முடிந்து ஹேர்ஸ்ட் தொடங்கும் மாலையில் ஒரு முதியவள் கையில் கம்பியோடு அமர்ந்து அடையும் இன்பம், மரபு வழியே மாறாமல் வந்து சேர்ந்த ஒன்று என்று எண்ணுவது பிழை. அவளுடைய பாட்டிக்கு அது கிடைக்கவில்லை. கடனை அடைக்கவும், மாவு வாங்கவும், பிறகு காசு புழங்கிய காலத்தில் ஒரு ஸ்வெட்டருக்கு இவ்வளவு என்ற கூலிக்காகவும் பின்னப்பட்டதில் திறமை இருந்தது, கூடிப் பேசிய மகிழ்ச்சி இருந்தது, வேண்டாம் என்று கீழே வைக்கும் உரிமை மட்டும் இல்லை. 1970களில் வடகடலில் எண்ணெய் கிடைத்து, சல்லம் வோவில் பெரும் முனையம் எழுந்து, மாதச் சம்பள வேலைகள் பெருகியபோது பெண்கள் கூலிப் பின்னலைக் கைவிட்டுப் போனதில் வியப்பேதும் இல்லை. கைவினை அழிகிறதே என்று அப்போது வருந்தியவர்களுள் பலர் அக்கூலியில் வாழ்ந்திராதவர்கள். கீழே வைக்கும் உரிமை வந்த பிறகே, விரும்பி எடுக்கும் இன்பமும் வந்தது. தோட்டத்துக்கும் இது பொருந்தும்: கேல் விளையாவிட்டால் குளிர்காலத்தில் சூப்புக்கு வழியில்லை என்ற அச்சம் நீங்கிய பின்பே கேல் வளர்ப்பது பொழுதுபோக்காயிற்று.

இந்த விடுதலைக்கு ஒரு விலையும் இருந்தது. கூலிக்காகப் பின்னிய தலைமுறையின் மகள்களில் பலர் தம் குழந்தைகளுக்கு அதைக் கற்றுக்கொடுக்கவில்லை. தாயின் சோர்ந்த விரல்களைப் பார்த்து வளர்ந்தவர்களிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமன்று. தீவுகளின் தொடக்கப் பள்ளிகளில் பின்னல் ஆசிரியைகள் இவ்விடைவெளியை ஓரளவு நிரப்பி வந்தனர். 2010இல் செலவுக் குறைப்பின் பகுதியாக அப்பணியிடங்கள் நீக்கப்பட்டன. அடுத்த சில ஆண்டுகளில், 'பீரி மேக்கர்ஸ்' என்ற பெயரில் ஊரூராகச் சிறு குழுக்கள் தொடங்கப்பட்டன. 'பீரி' என்றால் அவர்கள் பேச்சில் சின்னஞ்சிறியது. தன்னார்வலராக வரும் மூத்த பெண்கள் பள்ளிக் குழந்தைகளுக்குக் கம்பியும் தோல்பட்டையும் கொடுத்துக் கற்பிக்கும் ஏற்பாடு அது. அறிவு ஒரு தலைமுறையைத் தாண்டி மூத்தோரிடமிருந்து நேராகப் பேரக்குழந்தை வயதினருக்குச் செல்லும் இவ்வழி தற்செயலானதன்று. தாய்க்கு வேலைநேரம் உண்டு, அவசரம் உண்டு, குழந்தை தப்பாகச் செய்தால் பிடுங்கித் தானே முடித்துவிடும் கை உண்டு. பாட்டியிடம் இருப்பது அக்டோபர் மாலை, அது அவசரமற்றது. நழுவிய கண்ணி எத்தனை வரிசை கீழே ஓடியிருந்தாலும், ஒரு சிறு கொக்கியால் படிப்படியாக மேலே ஏற்றிவிடலாம் என்பதைக் குழந்தை அங்கே பார்க்கிறது; தவறைப் பிரித்துவிட்டுத் திரும்பத் தொடங்கினால் நூலுக்கு எந்தச் சேதமும் இல்லை என்பதையும் பார்க்கிறது. மரவேலையிலும் சுட்ட மண்பாண்டத்திலும் இந்தச் சலுகை கிடையாது.

பேரக்குழந்தைக்கும் பின்னலுக்கும் இதைவிடப் பழைய தொடர்பு ஒன்றுண்டு. 'ஹேப்' எனப்படும் அன்றாடச் சால்வை, அரசிகளின் சல்லடைச் சால்வைக்கு ஏழைத் தங்கை. சொல்லுக்கே பொதிந்து மூடுவது என்றுதான் பொருள். நடுவில் எளிய சதுரம், அதைச் சுற்றி அலைபோல் ஏறி இறங்கும் வண்ணக் கரை, விளிம்பில் பற்களைப் போன்ற பூவேலை என்பது அதன் அமைப்பு. வெள்ளையில் தொடங்கி இளஞ்சாம்பல், கருஞ்சாம்பல், கருமை எனச் சாயம் படாத கம்பளியின் நிறங்களே கரையில் படிப்படியாக மாறிச் செல்லும். பழைய வழக்கில் விளிம்பை முதலில் பின்னி, அதிலிருந்து கண்ணிகளை எடுத்துக் கரையைப் பின்னி, கடைசியில்தான் நடுச்சதுரத்துக்கு வருவார்கள். பின்னி முடித்துத் துவைத்தபின், மரச்சட்டத்தில் முனை முனையாக இழுத்துக் கட்டி, வீட்டுக்கு வெளியே காற்றில் சாய்த்துவைத்துக் காயவிடும்போதுதான் கசங்கிக் கிடந்த அலைகள் விரிந்து சதுரம் சதுரமாகிறது. பிறக்கவிருக்கும் குழந்தையைப் பொதிவதற்கென ஹேப் பின்னுவது பாட்டிமாரின் வழக்கம். அதே ஹேப் அக்குழந்தை வளர்ந்து பெற்ற குழந்தையையும் பொதிவது உண்டு. தமிழ் வீடுகளில் பாட்டியின் பழஞ்சேலை தூளியாகிப் பேரனைத் தாங்குவதோடு இதை ஒப்பிடத் தோன்றும். ஒப்புமை பாதிதான்: சேலை பாட்டி உடுத்திப் பழசானதால் மென்மையானது, ஹேப்பின் மென்மை முன்கூட்டியே திட்டமிட்டுத் தேர்ந்தெடுக்கப்படுகிறது.

செப்டம்பர் இறுதியில் தொடங்கி அக்டோபர் முதல் நாட்கள்வரை நீளும் 'ஷெட்லாந்து கம்பளி வாரம்' 2010இல் தொடங்கியது. ஆண்டுதோறும் ஒரு குல்லாவின் பின்னல்முறையை இலவசமாக வெளியிடுவதும், அக்குல்லாவையே அணிந்துகொண்டு பல நாட்டுப் பின்னல்காரர்கள் லெர்விக் தெருக்களில் திரிவதும் அதன் அடையாளம். பள்ளியில் பின்னல் நிறுத்தப்பட்ட ஆண்டும், பின்னலுக்காக உலகம் அத்தீவுக்கு வரத் தொடங்கிய ஆண்டும் ஒன்றாக அமைந்ததை வரலாற்றின் கேலி என்று மட்டும் குறித்துவிட்டு நகரலாம். வருகிறவர்கள் நூல் வாங்குகிறார்கள், ஆட்டைப் படம் எடுக்கிறார்கள், புயலுக்கு முன் கப்பலேறுகிறார்கள். வாரம் முடிந்த பின்பும் பகல்கள் ஐந்தரை நிமிடக் கணக்கில் குறுகிக்கொண்டே இருக்கின்றன.

கொல்லை வேலையில் கடைசியாக எஞ்சுவது கேல். அது இரண்டு ஆண்டுகள் வாழும் செடி என்பதால் அதன் கணக்கு நீளமானது: ஒரு ஆகஸ்டில் வளையச் சுவருக்குள் தூவிய விதை, அடுத்த வசந்தத்தில் கொல்லைக்கு இடம் மாறி, அந்த ஹேர்ஸ்டிலும் அதையடுத்த குளிரிலும் இலை தந்து, விதைக்கென்று விடப்பட்ட சில செடிகள் மட்டும் அதற்கடுத்த கோடையில் மஞ்சளாகப் பூத்துக் காய்த்து முற்றும். ஆறு வயதில் பாட்டியோடு விதை தூவப் போன குழந்தைக்கு, அதன் விதையை உதிர்த்தெடுக்கும்போது எட்டு வயது ஆகியிருக்கும்.